கடைசி நத்தைக்குப் பெயர் வைப்பது

தொல்காப்பியர் நத்தைக்கு இரண்டு அறிவுதான் கொடுத்திருக்கிறார். மரபியலில் உயிர்களைப் படிப்படியாக அடுக்கும்போது புல்லும் மரமும் தொடு உணர்வோடு நிற்கின்றன. அடுத்த படியில் நந்தும் முரளும். இவற்றுக்குத் தொடு உணர்வோடு நாக்கும் சேர்கிறது. நந்து என்பது நத்தை, முரள் ஒரு சிப்பி வகை. மூக்கு எறும்புக்குத்தான், கண் நண்டுக்குத்தான். பள்ளியில் படித்தபோது இது ஏதோ ரேங்க் கார்டு மாதிரி இருந்தது. நத்தைக்குக் கொம்பு நுனியில் கண் இருக்கே, இவர் அதைப் பார்க்கலையா என்று கடைசி பெஞ்சில் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

தாம் வான் டூரனின் 'எ வேர்ல்ட் இன் எ ஷெல்' புத்தகத்தைப் படித்தபோது நான் தொல்காப்பியர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஹவாய்த் தீவுகளின் நத்தைகளைப் பற்றி 2022இல் எம்ஐடி பிரஸ் வெளியிட்ட புத்தகம். ஆசிரியர் ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுபவர். தத்துவம் படித்துவிட்டு அழிந்துகொண்டிருக்கும் உயிர்களின் பின்னால் அலைகிறார். முதல் அத்தியாயம் முழுக்கக் கோழைதான். நத்தைக்குக் காது கிடையாது. அந்தக் கொம்புக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் உலகம் தொட்டும் சுவைத்தும் முகர்ந்தும் உண்டானது. போன தடத்தின் கோழையைப் படித்து இருப்பிடம் திரும்புகிறது. இன்னொரு நத்தை விட்ட தடத்தைப் படித்துத் துணையைக் கண்டுபிடிக்கிறது. மூக்கை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டால் மரபியல் கணக்கு ஏறக்குறைய சரி. நாம் முகம் சுளிக்கும் ஒரு பிசுபிசுப்பை வான் டூரன் பொறுமையாக நம்மைப் படிக்க வைத்துவிடுகிறார். புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் இவைதான் என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தையும், அதற்கு முப்பதாண்டு முன்பு ஸ்டீஃபன் ஜே கூல்ட் எழுதிய ஒரு கட்டுரையையும் பற்றியது. தீவுகளின் மரநத்தை அழிவைப் பற்றி ஆங்கிலத்தில் வந்தவற்றுள் நான் திரும்பத் திரும்பப் படித்தவை இவை இரண்டும். இரண்டிலும் எனக்கு ஒரே இடத்தில் மனத்தாங்கல். அதைச் சொல்வதற்கு உடுமலைப்பேட்டையின் மல்பெரித் தோட்டம் வரை வரவேண்டியிருக்கிறது. வருவோம்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் நாலு பத்தி தாண்டிவிடலாம்.

ஹவாயில் 750க்கும் மேற்பட்ட நில நத்தை இனங்கள் இருந்தன. அதில் ஓஅஹு என்ற ஒரே தீவில், அக்காட்டினெல்லா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 41 இனங்கள். விரல்நுனி அளவு ஓடு. மஞ்சள், பச்சை, காப்பிக் கொட்டை நிறம், குறுக்கே வரிகள். ஒவ்வொரு மலைமுகட்டுக்கும் ஒரு நிறம். இவை இலையைத் தின்பதில்லை, இலைமேல் படியும் பூஞ்சைப் படலத்தைச் சுரண்டித் தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும், அதுவும் ஆண்டுக்குச் சில. குட்டி வளர்ந்து அது ஒரு குட்டி போட நாலைந்து வருஷம் ஆகும். தாஹிட்டி, மோரேயா தீவுகளின் பார்ட்டுலா நத்தைகளும் இதே நிதானம்தான். பார்ட்டுலா என்பதே பிள்ளைப்பேற்றுக்குரிய ரோமானியத் தேவதையின் பெயர்.

இதற்கு நேர் எதிர், ஆப்பிரிக்க ராட்சத நத்தை. நம் ஊரில் ஐப்பசி மழை விட்டதும் காம்பவுண்டு சுவரில் ஏறி நிற்குமே, கைமுட்டி அளவு, அதேதான். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை போடும். எதை நட்டாலும் தின்னும். இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி பென்சன். வங்காளத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி, நத்தை ஆய்வாளர். 1847இல் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தார். கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. 1900 வாக்கில் இலங்கைக்குப் போய்விட்டது. அங்கிருந்து கிழக்கே. 1936இல் ஹவாய், 1967இல் தாஹிட்டி. எங்கே போனாலும் தோட்டம் காலி.

அப்போதுதான் யாரோ ஒருவருக்கு, நத்தையைத் தின்ன நத்தையையே விட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஃப்ளோரிடாவில் யூக்ளாண்டினா ரோசியா என்று ஒன்று உண்டு, ஓநாய் நத்தை என்பார்கள். இரை நத்தையின் கோழைத் தடத்தில் உதட்டை வைத்துப் பின்தொடரும்; அதற்கென்றே உதட்டின் இரு பக்கமும் மீசைபோல நீண்டிருக்கும். வான் டூரன் அவ்வளவு அன்போடு விவரிக்கிற அந்தக் கோழை எழுத்தை இதுவும் படிக்கும், படித்துவிட்டு எழுதியவரைத் தின்றுவிடும். 1955இல் ஹவாயில் விட்டார்கள். ராட்சத நத்தையின் மேல் ஏவிவிடப்பட்ட ஓநாய், வாய்க்கு அடக்கமான சின்ன நத்தைகளைத் தேடி மரமேறியது. 1974இல் தாஹிட்டியில் விட்டார்கள். 1977இல் மோரேயாவில் விட்டார்கள். அங்கே நெடுங்காலமாக ஆய்வு செய்துகொண்டிருந்த ப்ரையன் க்ளார்க், ஜேம்ஸ் மர்ரே, மைக்கேல் ஜான்சன் மூவரும் 1984இல் ஓர் அறிவியல் கட்டுரை எழுதினார்கள். ஓர் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் அந்த மண்ணுக்கே உரிய இனங்கள் அழிவது என்பதுதான் தலைப்பு, சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. 1987க்குள் மோரேயாவின் ஏழு பார்ட்டுலா இனங்களும் காட்டில் இல்லாமல் போயின. அவர்கள் முன்கூட்டியே பிடித்து ஆய்வகங்களுக்கும் மிருகக்காட்சி சாலைகளுக்கும் அனுப்பியவை மட்டும் மிச்சம்.

நான் சம்பளத்துக்குச் செய்யும் தொழில் சாஃப்ட்வேர். அங்கே ஒரு பேட்ச் எழுதினால் முதலில் ஒரு சர்வரில் போடுவோம், லாக் பார்ப்போம், எரர் வந்தால் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டு, அடுத்த சர்வருக்குப் போகமாட்டோம். 1955க்கும் 1974க்கும் நடுவில் பத்தொன்பது வருஷம். முதல் சர்வரின் லாக் திறந்தே கிடந்தது. இதில் இன்னொரு கோளாறும் உண்டு. ராட்சத நத்தை ஓரிடத்துக்குப் புதிதாகப் போனால் முதலில் கட்டுக்கடங்காமல் பெருகும், சில வருஷத்தில் யாரும் ஒன்றும் செய்யாமலே தானாகச் சரியும். அந்தச் சரிவை ஓநாய் நத்தையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். சிவிரெல், சிம்பர்லாஃப் இருவரும் 1996இல் இந்த இரு நத்தைகளின் கதையை எழுதியபோது இதைச் சுட்டிக்காட்டினார்கள். டாஷ்போர்டில் கோடு கீழே வந்தால் நம்ம பேட்ச்தான் காரணம் என்று மேனேஜருக்கு மெயில் போடும் பழக்கம் எல்லாத் துறையிலும் இருக்கும்போல.

இனி கூல்டுக்கு வருகிறேன். அவரே நத்தைக்காரர். மேற்கிந்தியத் தீவுகளின் செரியன் நத்தைகளை வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்தவர். 1991இல் எழுதி, 1993இல் 'எய்ட் லிட்டில் பிக்கீஸ்' தொகுப்பில் சேர்த்த கட்டுரை 'அன்என்சான்டட் ஈவ்னிங்'. தென் பசிபிக்கைக் கனவுத் தீவாகக் காட்டிய புகழ்பெற்ற பிராட்வே இசைநாடகத்தின் பாட்டைத் திருப்பிப்போட்ட தலைப்பு. நத்தை அழிந்ததற்கு நத்தை ஆய்வாளர் அல்லாதவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. பதிலாக ஒரு மனிதரைக் கொண்டுவருகிறார். ஹென்றி க்ராம்ப்டன், அமெரிக்கர், 1906 முதல் இந்தத் தீவுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனவர். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக ஏறி இறங்கி நத்தைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் கையால் அளந்து, கணக்கையும் கையாலேயே போட்டு, தாஹிட்டிக்கு 1916இல், மோரேயாவுக்கு 1932இல் என்று பெரும் நூல்களை வெளியிட்டார். இன்னும் நூறு வருஷம் கழித்து வருகிறவன் இதோடு ஒப்பிட்டுப் பரிணாமம் நகர்வதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று போட்ட அஸ்திவாரம். அந்த நூறு வருஷம் வருவதற்குள் ஓநாய் நத்தை வந்துவிட்டது. நத்தை செத்ததோடு ஒரு மனிதனின் உழைப்பும் அர்த்தம் இழந்தது, அதற்காகவாவது வருந்துங்கள் என்று கூல்ட் கேட்கிறார்.

இந்த இடம் என்னை அசைத்தது. வேறொருவர் வந்து தொடர்வார் என்று நம்பித் தன் வேலையைத் துப்புரவாக எழுதிவைப்பவர்கள் எந்தத் துறையிலும் குறைவு. ஆனாலும் இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு உறுத்தல். இந்தச் சாவு வீட்டில் கூல்ட் யாரை உட்கார வைத்திருக்கிறார்? விஞ்ஞானியை மட்டும். ராட்சத நத்தை தின்று தீர்த்த தோட்டத்தின் சொந்தக்காரர், ஏதாவது செய்யுங்க என்று அதிகாரியிடம் போய் நின்றவர், வாசலுக்குக்கூட வரவில்லை. அவர் இல்லாமல் ஓநாய் நத்தை ஏன் வந்தது என்பது விளங்காது. யாரோ முட்டாள் அதிகாரி செய்த வேலை என்று கதை எளிதாகிவிடுகிறது.

இன்னொரு உத்தி, பெயர் வைப்பது. 1997இல் ஓஅஹு தீவின் ஒரு மலைப்பாதையிலிருந்து அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற இனத்தின் கடைசிப் பத்து நத்தைகளை ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூண்டுக்குள் குட்டிகளும் பிறந்தன, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தும் போயின. மிஞ்சிய ஒன்றுக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். கலாபகஸ் தீவுகளில் ஓர் ஆமையினத்தின் கடைசி ஆமையான லோன்சம் ஜார்ஜின் ஞாபகமாக. ஜார்ஜ் 2019 ஜனவரி 1 அன்று இறந்தது. வயது பதினான்கு. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் எழுதின. இதற்கு முன் பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்ததும் ஒரு ஜனவரி 1தான், 1996இல். இரங்கல் எழுதுபவருக்கு இதைவிட வாகான தேதி அமையாது.

அந்த நத்தைகள் ஆணும் பெண்ணுமாய் ஒரே உடலில் இருப்பவை. ஆனால் செய்திகளில் ஜார்ஜ் 'அவன்' ஆகிவிட்டான். தனிமையில் வாடும் ஒரு பிரம்மச்சாரி. முகமில்லாத உயிருக்கு அழ வேண்டும் என்றால் அதை நம் வீட்டுப் பிள்ளையாக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' நடப்பது டாப்ஸ்லிப்பில், எங்கள் ஊருக்குப் பக்கத்து மலை. அழுகிய யானை உடலில் நெளியும் புழுக்களைக் கண்டு குமட்டிக்கொண்டு வந்தவன், பிறகு அதே புழுக்களைக் கைக்குழந்தைகளாகப் பார்க்கும் இடத்தை அந்தக் கதையைப் படித்த யாரும் மறக்கமாட்டார்கள். என் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு அருவருப்பு தணிந்தது அந்த ஒரு பக்கத்தில்தான். பெரிய காரியம். ஆனால் அங்கே புழு நெளிவதையாவது பார்க்கலாம், அதன் பசி தெரிகிறது. நத்தை ஓட்டுக்குள் போய்விட்டால் ஒன்றும் தெரியாது. அதற்குக் குழந்தை வேஷம் போடவும் முடியவில்லை, ஜார்ஜ் என்று பெயர் வைத்துச் சமாளிக்கிறார்கள். கடைசி ஒன்றின் மேல் வெளிச்சம் விழுந்ததும் அதற்கு முன் செத்த ஆயிரக்கணக்கானவை எப்படிச் செத்தன என்ற கேள்வி இருட்டுக்குப் போய்விடுகிறது.

வான் டூரனுக்கு இது தெரியும். ஜார்ஜைப் பற்றி அவரும் எழுதுகிறார், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரி வீட்டுப் பிள்ளைகள் மலையேறி மரநத்தைகளைப் பறித்துவந்து ஆயிரக்கணக்கில் ஓடு சேர்த்த பைத்தியத்தைச் சொல்கிறார். கரும்புத் தோட்டம், மாடு, எலி, அழிந்த காடு என்று ஓநாய் நத்தைக்கு முன்பே நடந்த கொலைகளை அடுக்குகிறார். மாக்குவா பள்ளத்தாக்கில் குண்டு போட்டுப் பழகிய அமெரிக்க ராணுவமே, வழக்குகளின் நெருக்கடியில், நத்தைகளைக் காப்பாற்றப் பணம் செலவழிக்கும் விசித்திரத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறார். பழைய ஹவாய்ப் பாடல்களில் மரநத்தைகள் பாடும். அது சுவர்க்கோழியின் சத்தம் என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். வான் டூரன் இதில் யார் சரி என்று தீர்ப்பு சொல்லும் அவசரத்தில் இல்லை. நத்தை பாடியது என்று நம்பிய மக்கள் காட்டோடு எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று கேட்கிறார். நல்ல கேள்வி.

கூல்ட் விஞ்ஞானியைக் கொண்டுவந்தார் என்றால் வான் டூரன் ஹவாய்ப் பூர்வகுடிகளைக் கொண்டுவருகிறார். அந்த வகையில் இது கூல்டைவிடப் பல படி முன்னால் நிற்கும் எழுத்து. ஆனால் இங்கும், வாடும் பயிரின் பக்கத்தில் நிற்பவருக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. காலனியம் என்ற பெரிய வில்லன் கிடைத்ததும் விவசாயத்துறையின் அந்த ஒரு முடிவு வில்லனின் கைவேலைகளில் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. காலனியம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலனியம் போன பிறகும் பூச்சி வரும். வந்தால் என்ன செய்வது என்று இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊருக்கு வந்தது. 2008இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பெயர்தான் பப்பாளி, பருத்தி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. உடுமலை வட்டாரம் வெண்பட்டுக்கூட்டுக்குப் பேர் போனது, மைவாடியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. தென்னை, பனியன் கம்பெனி வேலை, மல்பெரி, இந்த மூன்றில் ஒன்று இல்லாத வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. நான் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது சித்தப்பாவின் மல்பெரிக் கொழுந்தெல்லாம் முஷ்டி மடக்கின மாதிரி சுருண்டு, மேலே பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளை, அடியிலையில் கரும்பூஞ்சாணம். வேறு பயிர் என்றால் மருந்தடித்துப் பார்க்கலாம். மல்பெரிக்கு அடிக்க முடியாது. இலை போவது பட்டுப்புழுவின் வாய்க்கு. மருந்து வாடை மிச்சம் இருந்தால் ஷெட் முழுக்கப் புழு செத்துக் கிடக்கும். சிலபேர் செடியை வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறினார்கள்.

2010இல் பெங்களூரில் இருந்த தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம், அமெரிக்க விவசாயத்துறையின் உதவியோடு, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அசெரோஃபேகஸ் பப்பாயே அதில் முக்கியமானது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வழியாக அதே வருஷம் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயந்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்து தின்று, பூச்சியை உலர்ந்த கூடாக்கிவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இந்திய உயிரியல் கட்டுப்பாட்டின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படியெல்லாம் சொல்லவில்லை. பூச்சி போயிருச்சு, அவ்வளவுதான்.

போன வருஷம் சித்தப்பாவிடம் ஹவாய் நத்தைக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு எவனாச்சும் வந்து பாம்பை உட்டாப் பூச்சி போயிரும்னு சொல்லியிருந்தா, பாம்பையும் வாங்கி உட்டிருப்பங் கண்ணு."

கூல்டிலும் வான் டூரனிலும் நான் தேடிக் கிடைக்காத வாக்கியம் இதுதான். பாம்பை விடத் தயாராக ஒரு மனிதர் நிற்கிறார். அவர் கெட்டவர் இல்லை, முட்டாளும் இல்லை. கூட்டுறவு பேங்கில் தவணை இருக்கிறது. அவர் கையில் பாம்பைக் கொடுப்பதா, ஒரு மில்லிமீட்டர் குளவியைக் கொடுப்பதா என்பதை முடிவு செய்வது இடையில் இருக்கும் ஒரு கேள்வி: இது வேறு எதையெல்லாம் தின்னும்? பெங்களூரில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இந்தக் குளவி இந்த மாவுப்பூச்சிக்குள் மட்டும்தான் வளரும் என்று பார்த்துவிட்டு வெளியே விட்டார்கள். ஓநாய் நத்தையிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், நத்தை எதுவானாலும் சரி என்று அது ஒரே நாளில் பதில் சொல்லியிருக்கும். மோரேயாவின் ஏழு இனங்களும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் போயின. அறிவியல் அகங்காரம், நவீனத்துவம், மனிதப் பேராசை என்ற பெரிய சொற்களுக்கெல்லாம் முன்னால், ஒரு படிவத்தில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம். இலக்கிய வாசகருக்கு இது சப்பென்று இருக்கும், எனக்குத் தெரியும்.

ஆனால் இதை எழுதாமல் விட்டால் வாசகர் எடுத்துக்கொண்டு போகும் பாடம் வேறாகிவிடுகிறது. ஜார்ஜின் கதை தமிழில் பகிரப்படும்போதெல்லாம் அடியில் ஒரு வரி வரும்: மனிதன் இயற்கையில் கை வைத்தால் இதுதான் கதி. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மாவுப்பூச்சி வந்ததே மனிதன் கை வைத்ததால்தான், அது மெக்சிகோவிலிருந்து நடந்து வரவில்லை. வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்றால் மல்பெரியைப் பிடுங்குவது, அல்லது எதிலாவது விஷத்தைத் தெளிப்பது. கை வைக்காமல் இருக்கும் வாய்ப்பு அங்கே இல்லவே இல்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ரூகோஸ் வெள்ளை ஈ வந்ததிலிருந்து அதே கதை மறுபடி நடக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், மருந்தடிக்காதீர்கள், என்கார்சியா என்ற குளவி இருக்கிறது, அதைச் சாகடித்துவிடாதீர்கள் என்று வேளாண் துறை சொல்கிறது. ஓலை கறுத்துப்போய் நிற்கும் தோப்புக்காரர் எத்தனை நாளுங்க பொறுக்கிறது என்று கேட்கிறார். இந்தப் பொறுமையைப் பற்றி எழுதத்தான் இலக்கியம் தேவைப்படுகிறது. இயற்கைக்கு இரங்கல் எழுதும் நடை ஒன்று ஆங்கிலத்திலிருந்து நமக்கு ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது. அதையே வளர்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தோப்புக்காரர் நம் கட்டுரைகளில் எப்போதும் குற்றவாளியாகத்தான் வருவார்.

பென்சனிடம் திரும்புகிறேன். கல்கத்தாவுக்கு ராட்சத நத்தையைக் கொண்டுவந்து மூன்று வருஷம் கழித்து, 1850இல், இதே மனிதர் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு நத்தைக்கு ஆம்புல்லா என்று பெயர் சூட்டினார். இப்போது இண்ட்ரெல்லா ஆம்புல்லா. உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். மெல்லிய ஓடு, உடம்பு முழுக்க உள்ளே அடங்காது. சில காடுகளில் உடம்பு மஞ்சள், சில காடுகளில் மிளகாய்ப்பழச் சிவப்பு. ஆனைமலையின் ஈரக்காடுகளில் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் பார்க்கலாம். ஒரே ஆளின் ஒரு கை பெயர் கொடுத்திருக்கிறது, மறு கை எதிரியைக் கொண்டுவந்திருக்கிறது. இந்த ஒரு மனிதரை வைத்தே தமிழில் ஒரு நாவல் எழுதலாம். யாராவது எழுதுங்கள்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் நில நத்தைகள் 270 இனம் அளவுக்குக் கணக்கெடுத்திருக்கிறார்கள், முக்கால்வாசி இங்கே மட்டுமே இருப்பவை. தீவு என்றால் கடல் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகள், ஒரு நாளில் சில மீட்டர் நகரும் ஒன்றுக்குத் தீவுகள்தான். வெயில் காயும் தேயிலைச் சரிவை அது கடக்காது. அந்தத் துண்டுகளை இருபதாண்டுக்கு மேலாக நாட்டு மரங்களை நட்டு மீட்டுக்கொண்டிருக்கும் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் மரமும் இருவாச்சியும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில் இந்த வகை எழுத்துக்குச் சொற்களை உண்டாக்கித் தந்த சு. தியடோர் பாஸ்கரன் தாராபுரத்துக்காரர், எங்கள் அமராவதி ஆற்றின் கீழ்க்கரை. பறவைக்கும் விலங்குக்கும் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடிப் பயன்படுத்தியவர். நத்தைக்கு மட்டும் நம்மிடம் இன்னும் அந்த ஒரே சொல்தான். 270க்கும் அதே நத்தை. இலங்கையின் ஈரமண்டலத்தில் அக்கேவஸ் என்று மூன்று இன மரநத்தைகள் இருக்கின்றன, அந்தத் தீவில் மட்டும். அவற்றின் நெருங்கிய சொந்தம் இருப்பது மடகாஸ்கரில். கோண்ட்வானா நிலம் உடைந்த காலத்து உறவு. ஈழத்து நண்பர்கள் எவரேனும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள்.

வான் டூரனின் கடைசி அத்தியாயம் கூண்டு நத்தைகளைப் பற்றியது. புத்தகத்தின் சோகமான பகுதி என்று மதிப்புரைகள் சொல்கின்றன. ஃபிரிட்ஜ் போன்ற பெட்டிகள், உள்ளே நேரம் வைத்துப் பெய்யும் செயற்கை மழை, பூஞ்சைப் படலத்துக்காக மலையிலிருந்து வெட்டிவந்து போடும் தழை. உயிரோடு இருந்தும் வாழ்க்கை இல்லாத நிலை என்று அவர் அதன் தத்துவத்துக்குள் போகிறார். நான் அங்கே அவரைவிட்டுப் பிரிந்துவிட்டேன், ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த காட்சி. உடுமலையில் எந்தப் புழு வளர்ப்பு மனைக்குள் போனாலும் இதுதான். தண்டோடு வெட்டிவந்த தழையை அடுக்கில் பரப்புவார்கள், சூட்டையும் ஈரத்தையும் மீட்டரில் பார்ப்பார்கள், காலைக் கழுவாமல் உள்ளே விடமாட்டார்கள்.

லண்டனில் அந்தக் கடைசிப் பார்ட்டுலா டர்ஜிடாவைக் கொன்றது மைக்ரோஸ்போரிடியா வகை நுண்ணுயிரி ஒன்று. இந்த வார்த்தையைக் கேட்டால் பட்டு விவசாயி நிமிர்ந்து உட்காருவார். பட்டுப்புழுவின் பெப்ரின் நோய் அதே வகைதான். 1860களில் பிரான்சின் பட்டுத் தொழிலே அதில் சரிந்தபோது, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார், நோய் இருந்தால் அதன் முட்டையை எரித்துவிடு என்று லூயி பாஸ்டர் சொன்னார். இன்றைக்கும் முட்டை வித்தகங்களில் அதைத்தான் செய்கிறார்கள். நத்தை வளர்ப்பவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. பட்டில் ஒரு தாய்க்கு நூற்றுக்கணக்கான முட்டை, போனால் போகிறது என்று எரிக்கலாம். இங்கே ஒவ்வொன்றும் குட்டி போடவேண்டிய நத்தை.

2015 முதல் அந்த மிருகக்காட்சி சாலைகளில் வளர்ந்த பார்ட்டுலாக்களை ஆயிரக்கணக்கில் தீவுகளுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். உள்ளூர் நத்தைகள் தீர்ந்ததும் ஓநாய் நத்தையும் பல இடங்களில் அருகிப்போயிருந்தது. இப்போது நியூகினியின் தட்டைப்புழு ஒன்று புது எதிரி. அப்படியும் பார்ட்டுலா டோஹிவியானா என்ற இனம் மோரேயா காட்டில் தானாகப் பிறந்து வளர்ந்ததை 2024இல் கண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பல தலைமுறை நத்தைகளுக்குப் பெட்டி துடைத்து, தீனி மாற்றி, செத்ததை எண்ணி நோட்டில் எழுதியவர்கள் பெயர் எந்த இரங்கலிலும் கிடையாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். பெட்டிக்கு எத்தனை விட்டு வளத்தாங்க?

தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.